பின்னால் போய்விட்டு வா

ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கும்போது முள் கொஞ்சம் தாண்டிவிட்டால், எல்லாரும் குமிழை லேசாகப் பின்னால் தட்டிச் சரிசெய்துகொள்வார்கள். அவள் கணவர் அப்படிச் செய்யமாட்டார். குமிழை அந்தக் கோடி வரைக்கும் கொண்டுபோய்விட்டு, அங்கிருந்து மறுபடி மெல்ல மெல்ல முன்னால் வருவார். அவர் வந்து சேர்வதற்குள் செய்தி பாதி முடிந்திருக்கும். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிவிட்டாலும் இதே கதைதான். அந்த ஒன்றை மட்டும் கழற்றி மாட்டமாட்டார். எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டுக் கழுத்திலிருந்து ஆரம்பிப்பார். வண்டியை வாசலில் நிறுத்தும்போது கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டால் தெருமுனை வரைக்கும் பின்னால் போய்விட்டுத் திரும்ப வருவார். எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து, "என்ன, இன்னொரு ஷோ ஓட்டப் போறீங்களா?" என்று குரல் கொடுப்பார்.

கல்யாணமான புதிதில் அவள் இதை வீம்பு என்று நினைத்தாள். ஊரார் அதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். "மறுசுத்து மெக்கானிக்" என்றால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். அது வீம்பு இல்லை, தொழிலிலிருந்து வீட்டுக்கு ஒட்டிக்கொண்டு வந்த பழக்கம் என்பது, பட்டறையில் போய் நிற்க ஆரம்பித்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. தகரக் கூரை போட்ட நீளமான ஒரு கொட்டகை. இரண்டு வண்டி நிற்கும். மூன்றாவது வந்தால் பாதி உடம்பு வெளியே வெயிலில் கிடக்கும். ஒரு பக்கச் சுவர் முழுக்க ஆணியில் ஸ்பேனர்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவத்தைப் பெயின்ட்டால் வரைந்து வைத்திருந்தார். எது இல்லை என்று சுவரே சொல்லிவிடும். கடையில் புதிதாக வாங்க முடியாத, கம்பெனி செய்வதை நிறுத்திப் பல காலமான கார்கள்தான் அங்கே வரும். இன்ஜின் வேலை அவருடையது. வயரிங், விளக்கு, ஹாரன் எல்லாம் அவருடைய தம்பிக்கு. தம்பியைக் கரண்டு என்று கூப்பிடுவார்கள். தொழிலும் அது, வாயும் அது. தொட்டால் நிற்காது.

"அண்ணி வருஷம் பூரா பேசுறதை நான் ஒரு டீ குடிக்கிறதுக்குள்ள பேசிடுவேன்" என்பான்.

"அதான் உன் டீ எப்பவும் ஆறிப்போய் இருக்கு" என்பார் அண்ணன்.

அவள் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். பேசாமல் இருப்பதில் ஒரு வசதி இருந்தது. எதிரில் இருப்பவர்களின் கை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கும்போது கேம் ஷாஃப்ட்டின் டைமிங்கைச் சரிபார்க்க இரண்டு பேர் வேண்டும். இன்ஜினுக்குள் கிராங்க் என்ற தண்டு பிஸ்டன்களை ஏற்றி இறக்கும். கேம் என்ற தண்டு வால்வுகளைத் திறந்து மூடும். இரண்டையும் ஒரு செயின் சேர்த்துக் கட்டியிருக்கிறது. பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கும்போது வால்வு திறக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. அதைப் பார்க்க, கிராங்க்கின் மூக்கில் டிகிரிக் கோடுகள் போட்ட ஒரு தட்டைச் சக்கரத்தை மாட்டுவார்கள். வால்வு எவ்வளவு நகர்கிறது என்று முள்ளால் காட்டுகிற டயல் கேஜ் ஒன்று வால்வின் தலையில் உட்காரும். ஒருவர் ஸ்பேனரைப் போட்டு கிராங்க்கை மெல்லச் சுற்ற வேண்டும். கேஜின் முள் கோட்டைத் தொட்டதும் நிறுத்திவிட்டு, சக்கரம் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று படிக்க வேண்டும்.

சுற்றுவது அவள் வேலையாக ஆகிப்போனது. ஒருநாள் ஆள் இல்லாமல் கூப்பிட்டார். அதற்குப் பிறகு வேறு ஆளைக் கூப்பிடவே இல்லை. "உன் கைக்கு அவசரம் தெரியாது" என்றார். அவர் அவளைப் புகழ்ந்து சொன்னது என்று எடுத்துக்கொண்டால் அது ஒன்றுதான்.

அவசரம் தெரியாத கையும் சில சமயம் தாண்டிவிடும். அப்போது அவள் ஸ்பேனரை லேசாகப் பின்னால் தள்ளப் போவாள். உடனே அவர், "அப்படி வேண்டாம். பின்னால போய்ட்டு வா" என்பார். காரணத்தை ஒரே ஒரு தடவை சொன்னார். செயினில் கொஞ்சம் தொய்வு இருக்கும். முன்னால் சுற்றும்போது செயின் விறைப்பாக இழுத்துக்கொண்டு போகும். ஒரு விரற்கடை பின்னால் தள்ளினால், கிராங்க் மட்டும்தான் திரும்பி வரும். தொய்வு தீர்கிற வரைக்கும் கேம் நின்ற இடத்திலேயே நிற்கும். சக்கரத்தில் எண் மாறும், கேஜில் முள் மாறாது. எந்த எண் வேண்டுமோ அந்த எண்ணை வரவழைத்துக்கொள்ளலாம். இன்ஜின் ஓடும்போது அந்த எண் அங்கே இருக்காது. அதனால் தாண்டிவிட்டால் கால் சுற்றாவது பின்னால் போக வேண்டும். திரும்ப முன்னால் வரும்போது செயின் விறைத்துக்கொள்ளும். அப்போது வருவதுதான் உண்மையான எண்.

"இல்லேன்னா, நமக்கு நாமே பொய் சொல்லிக்கிற மாதிரி" என்றார்.

இப்படித்தான் பல வருடம் போனது. அவளுடைய தலையில் நரை வந்தது, மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள், ரேடியோவில் ஸ்டேஷன்கள் கூடின.

பிறகு டீ டம்ளர் பட்டறை டிராயருக்குள் கிடைத்தது. குளியலறையில் ஸ்குரூ டிரைவர் கிடைத்தது. ஒருநாள் அவர் கடைக்குப் போனவர், அவர்கள் எப்போதோ காலி செய்துவிட்டு வந்த பழைய வாடகை வீட்டு வாசலில் போய்ச் சாவியைத் திணித்துக்கொண்டிருந்தார். அங்கே குடியிருந்த பெண் நல்லவள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, கரண்டுக்குப் போன் செய்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மூன்று வார்த்தைகள் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்து அவற்றைத் திரும்பச் சொல்லச் சொன்னார். கதவு, மாம்பழம், நீலம். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு" என்றார். நான்கு சிலிண்டர் இன்ஜினில் நெருப்புப் பிடிக்கிற வரிசை அது. டாக்டருக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன?

மறதி நோய், ஞாபகம் மெதுவாகத்தான் போகும், போனது திரும்பி வராது என்றார் டாக்டர். இடி விழுந்தது போல இருக்கும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். ஒன்றும் விழவில்லை. மருந்துக் கடையில் வரிசையில் நின்றாள், மீதிச் சில்லறையை வாங்கினாள், பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் அவரை உட்கார வைத்தாள். முன்பு ஒரு தடவை கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதற்கு அவளுக்கு ஊசி போட்டார்கள். கன்னம் அங்கேயேதான் இருந்தது. தொட்டுப் பார்த்தால் யாருடைய கன்னமோ போல இருந்தது. இப்போது உடம்பு முழுக்க அப்படி. ராத்திரி மகள் போனில் அழுதாள். இவள், "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

அந்தப் பல்லைப் பிடுங்கிய டாக்டருடைய கார்தான் அப்போது பட்டறையில் நின்றது. அவர் தொழிலை விட்டு ஓய்வாக இருந்தார். அவருடைய அப்பா ஓட்டிய கார் அது. வாரத்துக்கு ஒருநாள் வந்து எட்டிப் பார்த்து, "நம்ம ரெண்டு பேர் வேலையும் ஒண்ணுதான், மெக்கானிக். வாயைத் திறந்து வெச்சு லைட் அடிச்சுப் பார்க்கணும். உங்க பேஷன்ட் கடிக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார். வால்வுகள் இருக்கிற மேல்பாகம், ஹெட், வளைந்து போயிருந்தது, அதைச் சீவி எடுத்தாகிவிட்டது. புது பிஸ்டன் போட்டாகிவிட்டது. ஹெட்டைச் சீவியதால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடம் ரொம்பக் குறைவு. டைமிங் கொஞ்சம் பிசகினாலும், ஓடுகிற வேகத்தில் இரண்டும் முட்டிக்கொள்ளும். முட்டினால் அத்தனையும் நாசம்.

கரண்டு அவளிடம்தான் முதலில் கேட்டான், துணி காயப்போடுகிற இடத்தில் வந்து நின்றுகொண்டு. "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. அண்ணன் கையில இனிமே இன்ஜினைக் குடுக்கலாமா?"

அவள் பதில் சொல்வதற்குள், பட்டறை வாசலிலிருந்து அவரே சொன்னார். காது அவருக்கு நன்றாகத்தான் கேட்டது.

"இந்த இன்ஜினை நானே சேர்த்து முடிக்கிறேன். கேம் நான் வெச்சது. டைமிங் செக் பண்ணுவோம். சரியா இருந்தா என் வேலை எனக்கு. தப்பா இருந்தா அன்னைக்கே ஸ்பேனரைச் சுவர்ல மாட்டிட்டு ஒதுங்கிக்கிறேன். போதுமாடா?"

"ஐயோ அண்ணே, நான் சும்மா ஒரு பேச்சுக்கு…"

"நீ என்னைக்குடா சும்மா இல்லாம பேசியிருக்கே?"

மூன்று பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், உதடு மட்டும்.

செக் பண்ணுகிற அன்று அவள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். வழக்கம்போல ஸ்பேனருக்குக் கையை நீட்டினாள். "இன்னைக்கு நானே சுத்துறேன்" என்றார். அவள் கையை இழுத்துக்கொண்டு, டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். கரண்டு இன்ஜினின் பக்கவாட்டில் குனிந்து, கேஜின் மேல் கண்ணை வைத்தான். அங்கிருந்து அவனுக்கு முள் மட்டும்தான் தெரியும். முன்னால் இருக்கும் சக்கரமும் அண்ணன் கையும் தெரியாது. அவளுக்கு இரண்டும் தெரிந்தது.

பழைய புத்தகத்தில் போட்டிருந்த எண் பன்னிரண்டு. முள் கோட்டைத் தொடும்போது சக்கரம் பன்னிரண்டு காட்ட வேண்டும்.

அவர் சுற்ற ஆரம்பித்தார். அழகாகச் சுற்றினார். தகரக் கூரை வெயிலில் டொக் டொக் என்று சத்தம் போட்டது.

"வருது… வருது… ம், கோடு!" என்றான் கரண்டு.

அவர் நிறுத்தினார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவருடைய மணிக்கட்டு ஒரு விரற்கடை அளவு பின்னால் வந்தது.

ஒரே ஒரு விரற்கடை. நின்றுவிட்டது.

"பன்னெண்டு" என்றார்.

"முள்ளு அப்படியே கோட்டுலதான் இருக்கு! அசையவே இல்லை. அண்ணே, அசத்திட்டீங்க!" கரண்டு நிமிர்ந்தான். அவன் முகத்தில் ரத்தம் ஊறியது போல இருந்தது. "அந்த ஆஸ்பத்திரி டாக்டரைக் கூட்டிட்டு வந்து இங்க உட்கார வெக்கணும், அண்ணி. மாம்பழமாம், நீலமாம்."

உடனே பல் டாக்டருக்குப் போன் போட்டான். எதிர்முனையிலிருந்து வந்த சிரிப்புச் சத்தம் அவளுக்கே கேட்டது. டீ வந்தது. அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். கரண்டு செயினை மூடுகிற முன்பக்க மூடியை எடுத்துத் துடைத்தான். எண்ணெய் கசியாமல் தடுக்கிற கேஸ்கெட்டை அதன் மேல் வைத்து, ஓரம் முழுக்கப் பசையைத் தடவினான். மூடி ஏறிவிட்டால் அதற்குப் பிறகு அந்தச் செயினை யாரும் பார்க்கப் போவதில்லை.

அவள் டீயைக் குடிக்காமல் பசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் அவர் வேலை போய்விடும். காலையில் எழுந்து முகம் கழுவி, நேராகப் பட்டறைக்குப் போகிற மனுஷன். போக இடமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சொல்லாவிட்டால் கார் ஒருநாள் ரோட்டில் போகும்போது உள்ளே இரும்பும் இரும்பும் முட்டும். அதுவரைக்கும் சில வாரமோ சில மாதமோ அவர் மெக்கானிக்காக இருப்பார். இரண்டையும் அவள் கையில் வைத்துப் பார்த்தாள். எதுவும் கனக்கவில்லை. பயப்பட வேண்டும், பரிதாபப்பட வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. சக்கரம் திரும்பி வந்ததும் முள் அசையாமல் நின்றதும் மட்டும் கண்ணிலேயே இருந்தது.

கரண்டு மூடியைத் தூக்கினான்.

"பின்னால போய்ட்டு வாங்க" என்றாள் அவள்.

கரண்டு திரும்பினான். "எங்க அண்ணி போகணும்? இப்பதானே டீ குடிச்சோம்?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். யாரிடம் சொன்னாள் என்று அவருக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை. அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்தும் அவளால் சொல்ல முடியவில்லை. ஸ்டேஷன் எங்கே என்று தேடும்போது அவர் ரேடியோவைப் பார்ப்பாரே, அப்படித்தான் பார்த்தார்.

"மூடியைக் கீழ வைடா" என்றார்.

"பசை காஞ்சிடும், அண்ணே."

"காயட்டும். கேஜைப் பாரு." ஸ்பேனரை அவளிடம் நீட்டினார். "நீ சுத்து."

அவள் கால் சுற்றுக்கு மேலேயே பின்னால் போனாள். பிறகு முன்னால் வந்தாள். செயின் விறைத்துக்கொண்டதை ஸ்பேனரின் பிடியில் உணர்ந்தாள். அன்று முழுக்க அவள் உணர்ந்தது அது ஒன்றைத்தான்.

"வருது… நில்லுங்க அண்ணி. கோடு."

நின்றாள். அவர் குனிந்தார். சக்கரத்தின் எண் அவளுக்கும் தெரிந்தது. அவர் விரலைக் கோட்டின் மேல் வைத்துக்கொண்டு, ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார்.

"ஆறு" என்றார்.

"என்ன ஆறு?"

"டைமிங்டா. பன்னெண்டு இல்லை. ஆறு."

கரண்டு நம்பவில்லை. இன்னொரு தடவை சுற்றச் சொன்னான். அதற்கு மேலும் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் அவள் பின்னால் போய்விட்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் ஆறுதான்.

"சரி, ஆறுதானே?" என்றான் கரண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு. "போல்ட்டை லூஸ் பண்ணி நகர்த்தி வெச்சா தீர்ந்தது. யாருக்குத் தப்பு வரல? நான் போன மாசம் ஒருத்தருக்கு ஹாரனை அழுத்தினா வைப்பர் ஓடுற மாதிரி வயர் குடுத்தேன். அவர் என்னைக் கொன்னா போட்டுட்டார்? டாக்டருக்குச் சொல்லவே வேண்டாம். நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும்."

"சொன்னது சொன்னதுதான்" என்றார் அண்ணன்.

அவள் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கித் துடைத்தார். சுவருக்குப் போய், வரைந்து வைத்திருந்த இடத்தில் மாட்டினார். சரியான இடத்தில்தான் மாட்டினார். உடனே திரும்பி வந்து, "இதை இப்ப யாரு நகர்த்துறது? அவ பண்ணட்டும். நான் சொல்றேன்" என்றார்.

செயின் சக்கரத்தில் போல்ட் போகிற ஓட்டைகள் கொஞ்சம் நீளமாக வெட்டப்பட்டவை, நகர்த்துவதற்காகவே. இவர் இறுக்கும்போது அவை வேறு இடத்தில் நின்றிருக்கின்றன. அவள் சுவரிலிருந்து அதே ஸ்பேனரை எடுத்து வந்தாள். அவர் சொல்லச் சொல்ல லூஸ் செய்தாள், நகர்த்தினாள், இறுக்கினாள். ஒரு வார்த்தைகூட அவர் தப்பாகச் சொல்லவில்லை. கரண்டு காய்ந்த பசையைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தான். மறுபடி சுற்றிப் பார்த்தார்கள். பன்னிரண்டு வந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது, கொடியில் காய்ந்த துணிகளுக்கு நடுவில் அவர் நின்றார்.

"நீ பார்த்துட்டே இருந்தியா?"

"பார்த்தேன்."

"சரி" என்றார். ஒரு சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து மடித்து அவள் கையில் கொடுத்தார். அவருடைய சட்டைதான்.

கை மறந்துபோய் அப்படிப் பின்னால் வந்ததா, தெரிந்தேதான் கொண்டுவந்தாரா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லியிருப்பார், அப்போது. இப்போது கேட்டால், எந்தக் கார் என்பார்.

பல் டாக்டர் கார் நன்றாக ஓடுகிறது. அவரிடம் நடந்ததைக் கரண்டே சொல்லிவிட்டான். அவன் வாய்க்கு மூடி போட எந்தக் கேஸ்கெட்டும் கிடையாது. டாக்டர் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகும் வாரத்துக்கு ஒருநாள் வந்து இவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். பேஷன்ட் கடிக்காது என்கிற அதே ஜோக்கைச் சொல்கிறார். இவருக்கு அது ஒவ்வொரு தடவையும் புதிது. நன்றாகச் சிரிக்கிறார்.

இன்ஜின் வேலைக்கு வெளியிலிருந்து ஒரு மெக்கானிக் வருகிறார். டைமிங் பார்க்கிற அன்று அவளைக் கூப்பிடுவார்கள். அவள் சுற்றுவாள், கரண்டு முள்ளைப் பார்ப்பான், வந்தவர் எண்ணைப் படிப்பார். அவள் கணவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு டப்பாவில் இருக்கும் போல்ட்டுகளை அளவு பார்த்து இன்னொரு டப்பாவில் போடுகிறார். சாயங்காலம் அவள் இரண்டையும் ஒன்றாகக் கொட்டி வைக்கிறாள், மறுநாளுக்கு. கடைவாய்ப் பல் போன கன்னம் அன்று சாயங்காலமே சரியாகிவிட்டது. இந்த மரமரப்பு இன்னும் சரியாகவில்லை.

ரேடியோவை இப்போதும் அவர்தான் திருப்புகிறார். முள் எங்கே நிற்கிறதோ அதைக் கேட்கிறார், இரைச்சலாக இருந்தாலும்.